நாய்க்குட்டி, பூனைக்குட்டியை முதல் தடவை டாக்டரிடம் கொண்டுபோகிறீர்களா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குட்டி வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "நல்லாத்தானே ஓடுது, உடம்புக்கு வந்தா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட குட்டிகள்தான் ரத்த பேதியோடு, பார்வோ என்ற வைரஸ் நோயோடு டாக்டர் மேசைக்கு வருகின்றன.

டாக்டர் அறைக்குள் உங்களுக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். சாயங்காலக் கூட்டத்தில் அதுவும் சுருங்கும். குட்டிக்கு வாய் இல்லை. வயது, எடை, தீனி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். அங்கே போய் யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் அதிலேயே போய்விடும். அதனால் பாதி வேலையை முந்தைய நாளே வீட்டில் முடித்துவிடுங்கள்.

1. எங்கே போவது

நம் பகுதியில் மூன்று வழி உண்டு: அரசு கால்நடை மருத்துவமனை அல்லது மருந்தகம், புதுச்சேரி குருமாம்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், தனியார் கிளினிக்.

அரசு மருந்தகத்தின் பலகையில் "கால்நடை" என்றிருப்பதைப் பார்த்துவிட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று திரும்பிவிடாதீர்கள். நாய், பூனையையும் பார்ப்பார்கள். செலவு மிகக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள். கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுவது) கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, 8-ஆம் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

குருமாம்பேட்டுக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைகள் ஒரே வளாகத்தில் முடியும். குழப்பமான நோய் என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். ஆனால் அது மாணவர்கள் படிக்கும் இடம். நான்கைந்து பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், வரிசை உண்டு, அரை நாள் ஒதுக்க வேண்டும். பயந்த சுபாவமுள்ள பூனைக்குச் சாதாரண முதல் ஊசி போட அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

தனியார் கிளினிக் என்றால் பலகையில் இரண்டைப் பாருங்கள்: பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். பட்டம், கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண். "நாங்களே ஊசி போட்டுடுவோம், டாக்டர் எதுக்கு" என்று சொல்லும் விற்பனைக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. மருந்து அசலாகவே இருந்தாலும் குட்டியைச் சோதிக்காமல் போட்ட ஊசி அது. ஒவ்வாமை வந்தால் கையாள அங்கே ஆளும் இல்லை, மருந்தும் இல்லை.

கிளம்பும் முன் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். குட்டியின் வயதுக்கு உரிய ஊசி கையிருப்பில் இருக்கிறதா? டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்? ஊசி விலையில் டாக்டர் கட்டணமும் சேர்த்தியா, தனியா? ரத்தப் பரிசோதனை அங்கேயே செய்வார்களா? ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி நகருக்குள் போக வேண்டியிருந்தால் காந்தி வீதி சண்டே மார்க்கெட் நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. எந்த வயதில் எந்த ஊசி

நாய்க்குட்டிக்கு முதல் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை. வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில். பல டாக்டர்கள் ஒரு மாதம் கழித்து இன்னொன்று போடுவார்கள், அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. பூனைக்குட்டிக்கு 8 வாரம் வாக்கில் ட்ரைகேட் எனப்படும் மூன்று நோய்க்கான ஊசி தொடங்கும், வெறிநோய் ஊசி 12 வாரத்தில்.

"ஒரே ஊசியை எதுக்கு மூணு தடவை போடறாங்க, காசு பிடுங்கவா?" என்று கேட்காதவர் இல்லை. காரணம் சீம்பால். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது செயலிழக்கச் செய்துவிடும். அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் கரையும், இன்னொன்றுக்கு 14 வாரம்கூட ஆகும். வெளியே இருந்து பார்த்து எது எப்போது என்று சொல்ல முடியாது. அதனால்தான் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி போட்டுவிட்டு 16 வார ஊசியைத் தவற விட்டால் போட்டதெல்லாம் வீணாகிவிட வாய்ப்பு இருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒன்று. கூட்டுத் தடுப்பூசியில் 5 இன் 1, 7 இன் 1, 9 இன் 1 என்று வகை உண்டு. வழக்கமான 5 இன் 1-இல் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சலுக்கான மருந்து கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் கடலூரிலும் புதுச்சேரியிலும் எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில்தான் நாய் நடக்கும், நக்கும். நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். "லெப்டோ சேர்ந்ததா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். லெப்டோ பகுதி வேலை செய்ய 3, 4 வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டாக வேண்டும். மழை தொடங்கும் முன் அது முடிகிற மாதிரி தேதி வையுங்கள்.

தெருவிலிருந்து எடுத்து வந்த பெரிய நாய் என்றால் கணக்கு வேறு. வெறிநோய் ஊசியை முதல் நாளே கேளுங்கள். உண்ணி இருந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும் கேட்டுவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே உள்ளே ரத்தம் குறைந்துகொண்டிருக்கும்.

3. எடுத்துப் போக வேண்டிய காகிதங்கள்

குட்டியைக் கொடுத்தவர் தடுப்பூசி அட்டை ஏதும் கொடுத்திருந்தால் அதுதான் முதல் ஆவணம். அட்டையில் ஊசிப் புட்டியின் ஸ்டிக்கர், தொகுதி எண், காலாவதித் தேதி, போட்ட தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை இவை இருக்க வேண்டும். வெறும் பேனாவால் "முதல் ஊசி ஓகே" என்று எழுதியிருந்தால் அந்த ஊசியைப் போடாததாகவே டாக்டர் எடுத்துக்கொள்வார். அதுதான் சரியும்கூட.

விற்பவர் சொல்லும் வயதை நம்பிவிடாதீர்கள். 8 வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதி. ஆனாலும் 35 நாள் குட்டியை "ரெண்டு மாசம்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். பல்லைப் பார்த்து டாக்டர் வயதைக் கணித்துவிடுவார். ஊசித் தேதியை அதன்படி வையுங்கள்.

அட்டை இல்லை என்றால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வந்த தேதி, எங்கிருந்து, தாய் நாயைப் பார்த்தீர்களா, பூச்சி மருந்து (வயிற்றுப் புழுவுக்கானது) எந்தப் பெயரில் எத்தனை மில்லி என்றைக்குக் கொடுத்தீர்கள், சாப்பாடு என்ன, எத்தனை வேளை. "நல்லா சாப்பிடுது" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. "காலை பால்சாதம் ஒரு கரண்டி, ராத்திரி பாக்கெட் தீனி ஒரு கைப்பிடி, மிச்சம் வைக்குது" என்றால் புரியும். முன்பு கொடுத்த மருந்தின் காலிப் பாட்டிலை அப்படியே பையில் போடுங்கள், பெயரை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். பூச்சி மருந்து அட்டவணையை அதற்கேற்ப இறுக்குவார்கள்.

4. எடை, மலம், வீடியோ

பூச்சி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வீட்டு எடை மெஷினில் நீங்கள் தனியாக ஏறி ஒரு தடவை, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, கழித்தால் எடை. ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டிக்கு இந்த முறை பிசகும். மளிகைக் கடைத் தராசில் ஒரு டப்பாவில் வைத்து நிறுத்துவிடுங்கள்.

மலம் அன்று காலை போட்டதாக இருக்கட்டும். நெல்லிக்காய் அளவு போதும். மூடி உள்ள, சுத்தமான, உலர்ந்த டப்பா. மண் ஒட்டாத மேல் பகுதியாக எடுங்கள். மண்ணில் இருக்கும் புழுவெல்லாம் கணக்கில் வந்துவிடும். கொக்கிப்புழு நாய்க்குட்டியின் ரத்தத்தைக் குடிப்பது, வயிறு உப்பி ஈறு வெளுத்த குட்டிகளில் இதுதான் பெரும்பாலும். மலத்தில் அரிசிமணி மாதிரி நாடாப்புழுத் துண்டு இருந்தால் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருமல், நொண்டல், வலிப்பு, ராத்திரி சொறிதல் எல்லாம் டாக்டர் முன்னால் நடக்காது. மேசையில் ஏற்றினால் நொண்டுகிற நாயும் பயத்தில் நேராக நிற்கும். வீட்டில் நடக்கும்போது செல்போனில் 30 வினாடி எடுத்து வையுங்கள்.

5. முந்தைய நாள் செய்யக் கூடாதவை

டாக்டரிடம் போகிறோமே என்று குளிப்பாட்டிப் பவுடர் போடுவது, சொறியில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவது இரண்டும் வேண்டாம். தோலைச் சுரண்டிப் பார்த்துப் பூச்சி தேட வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஒன்றும் தெரியாது. தோல் மஞ்சளாக இருப்பது காமாலையா, நீங்கள் பூசிய மஞ்சளா என்று டாக்டர் குழம்புவார்.

மனித மருந்தைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். புரூஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு விஷம். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் லேபிளைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். நாய் உடம்பு சூடாக இருக்கிறது என்று பதறி மருந்து தேடவும் வேண்டாம். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் தெரியும்.

சாப்பாடு: வண்டியில் வாந்தி எடுக்காமல் இருக்கக் கிளம்புவதற்கு 3 மணி நேரம் முன்பு பாதி வயிற்றுக்குக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த சின்னக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள், ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

6. கொண்டுபோவது

பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். லாரி ஒரு ஹாரன் அடித்தால் போதும், உங்கள் தோளைக் கீறிவிட்டு இறங்கி ஓடிவிடும். அதைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். மேல் பக்கம் திறக்கும் கூடை நல்லது. வாங்க முடியாவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்து நான்கு பக்கமும் கேபிள் டை போடுங்கள், வெட்ட ஒரு கத்தரி எடுத்துக்கொள்ளுங்கள். கூடையை மூன்று நாள் முன்பே வீட்டின் நடுவில் வைத்து, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டுத் தீனியையும் அங்கேயே கொடுங்கள். கிளம்புகிற அன்று பரணிலிருந்து கூடையை இறக்கினால் பூனை பீரோ அடியில்தான். வழியில் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினால் பாதி பயம் போய்விடும். இரண்டு பூனைக்கு இரண்டு கூடை.

நாய்க்குக் கழுத்துப் பட்டை, கயிறு கட்டாயம். டூ வீலரில் முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள். குட்டிக்கு அது வேண்டாம், பின்னால் ஒருவர் மடியில் துண்டு சுற்றிப் பிடித்துக்கொள்ளட்டும். சித்திரை, வைகாசியில் காலை 10 மணிக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோதான் கிளம்ப வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு வெயிலில் மூச்சே முட்டிவிடும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

கடிக்கக்கூடிய நாய் என்றால் ஒரு மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணிப்பட்டை எடுத்துப் போங்கள். சுருக்கு வைத்து மூக்குத் தண்டின் மேல் போட்டு இறுக்கி, தாடைக்குக் கீழே குறுக்காக மாற்றி, காதுக்குப் பின்னால் அவிழ்க்க வசதியான முடிச்சு. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும் கட்டக் கூடாது. வாயைத் திறந்து இளைக்க முடியாமல் சூடேறிவிடும் என்பதால் மற்ற நாய்க்கும் சில நிமிடம் மட்டும்தான்.

7. காத்திருக்கும் இடத்தில்

ஊசி முடியாத குட்டியைக் கிளினிக் தரையில் விடாதீர்கள். இந்த முழுக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவு வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலையில் பேதியோடு வந்த குட்டி நின்ற இடத்தில்தான் சாயங்காலம் உங்கள் குட்டி மூக்கை வைத்து மோப்பம் பிடிக்கும். வெறும் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் இந்த வைரஸ் சாகாது. பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும். மடியிலோ கூடையிலோ வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர் கொஞ்சக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். (ஃபினாயில் பற்றிப் பேச்சு வந்ததால்: பூனை வளர்க்கிற வீட்டில் அதைப் போட்டுத் தரை துடைக்கவே வேண்டாம். பாதத்தை நக்கும்போது விஷம் உள்ளே போகும்.)

பூனைக் கூடையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில், நாய்களுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

8. அறைக்குள்

முதலில் எடை, வெப்பம், ஈறு, கண், காது, இதயம், தொப்புள் பகுதி, தோல் எல்லாம் பார்க்க வேண்டும். பார்க்காமல் நேராக ஊசியை எடுத்தால் "ஒரு தடவை செக் பண்ணிடுங்க டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். காய்ச்சலோ பேதியோ இருந்தால் அன்று ஊசி போட மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே, போட்டு அனுப்புங்க" என்று வற்புறுத்தக் கூடாது. நோயோடு போராடிக்கொண்டிருக்கும் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது.

கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு புட்டியாக வரும்: ஒன்றில் பொடி, இன்னொன்றில் திரவம். உங்கள் கண் முன்னால் கலந்து உடனே போட வேண்டும். முன்பே கலந்து சிரிஞ்சில் வைத்திருந்தது வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள், ஸ்டிக்கரை அங்கேயே அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள், அன்றைய எடையையும் எழுதச் சொல்லுங்கள்.

வெளி மெடிக்கலில் வாங்கி வரச் சொன்னால்: தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய பொருள். சட்டைப் பையில் போட்டு வெயிலில் வந்தால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியோடு போங்கள். ஆனால் புட்டியை ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், நடுவில் துணி சுற்றுங்கள்; உறைந்துபோன வெறிநோய் ஊசியும் வீண்தான். கரண்ட் அடிக்கடி போகும் பகுதியில் இன்வெர்ட்டர் இல்லாத கடையில் வாங்காதீர்கள். டாக்டர் வந்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு கடைசியாக வாங்குங்கள், முதல் நாள் வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டாம்.

கேட்டுவிட்டு வர வேண்டியவை: அடுத்த ஊசித் தேதி, அடுத்த பூச்சி மருந்து எத்தனை மில்லி என்றைக்கு, இந்த எடைக்கும் வயதுக்கும் எந்த உண்ணி மருந்து, கருத்தடை எப்போது, ராத்திரி அவசரம் என்றால் எங்கே.

9. பணம்

தனியார் கிளினிக்கில் முதல் தடவைக்கு 1,500 ரூபாய் கையில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம் என்று தோன்றினால் 3,000. இது மேல் கணக்கு, பெரும்பாலும் மீதி வரும். கூட்டுத் தடுப்பூசிதான் விலை கூடியது. வெறிநோய் ஊசியும் பூச்சி மருந்தும் அதைவிடக் குறைவு. செல்போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பி வெறும் கையோடு போகாதீர்கள்.

முதல் நான்கு மாதத்தில் கூட்டுத் தடுப்பூசி மூன்று, நான்கு தடவையும் வெறிநோய் ஊசி ஒன்றிரண்டு தடவையும் வரும். பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. குட்டி வாங்கும்போதே இதற்கு ஒதுக்கிவிடுங்கள். கை இறுக்கமாக இருந்தால் வெறிநோய் ஊசியை அரசு மருந்தகத்தில் போட்டு, கூட்டுத் தடுப்பூசிக்கு மட்டும் தனியாரிடம் போகலாம், ஒரே அட்டையில் பதிந்தால் போதும். ஜூலை 6 (உலக விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) தேதிகளை ஒட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். பெரிய நாய்க்கு அது நல்ல வசதி. மற்ற ஊசிகள் முடியாத குட்டியை மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

10. ஊசிக்குப் பிறகு

உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள். அரை மணி நேரம் கிளினிக் பக்கத்திலேயே இருங்கள். முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு வெளுத்துத் துவண்டு விழுவது இவை ஒவ்வாமை. அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வரிசை பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் தூங்கி வழிவது, தீனி குறைவது, ஊசி போட்ட இடத்தில் சின்ன உருண்டை இவை இயல்பு. உருண்டை ஒரு மாதமாகியும் கரையாவிட்டால் காட்டுங்கள்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவிலும், கடலூர் சில்வர் பீச் மணலிலும், புதுச்சேரி பீச் ரோட்டிலும் இறக்கி விடாதீர்கள். மடியில் வைத்துச் சுற்றிக் காட்டலாம், காட்டவும் வேண்டும். சத்தமும் ஆட்களும் பழகாத குட்டி பிறகு எல்லாவற்றுக்கும் குரைக்கும்.

இதற்கிடையில் குட்டியின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால், "சின்னக் குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு தடவை போட வேண்டியிருக்கும். குட்டியின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், அங்கேயும் அதைக் கேட்பார்கள்.